வலையமைப்பில் குறையில்லை, பார்ப்பவருக்கு நிறைவில்லை: பயனர் அனுபவத் தரம் ஓர் அறிமுகம்

இணையவழிக் குரல் அழைப்பில் நாம் பேசும் பேச்சு பொதுவாக 20 மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பாக்கெட் எனப்படும் சிறு தரவுப் பொதி ஒன்றில் ஏற்றி அனுப்பப்படுகிறது. வினாடிக்கு 50 பாக்கெட், நிமிடத்துக்கு 3000. ஒரு நிமிடப் பேச்சில் 1 சதவீதம், அதாவது 30 பாக்கெட்டுகள், வழியில் தொலைந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அந்த முப்பதும் நிமிடம் முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்திருந்தால், முன்னும் பின்னும் உள்ள ஒலியைக் கொண்டு மென்பொருள் அந்தப் பொத்தல்களை அடைத்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் அதைக் கவனிக்கவே மாட்டார். அதே முப்பதும் அடுத்தடுத்துத் தொலைந்திருந்தால் 600 மில்லி வினாடிப் பேச்சு காணாமற்போகும். தமிழில் ஆம் என்பதும் இல்லை என்பதும் வினையின் வால்பகுதியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "அந்தக் கோப்பை இப்போது அனுப்ப வேண்" என்பதோடு பேச்சு அறுந்தால், விட்டுப்போனது "டும்" என்பதா, "டாம்" என்பதா என்று கேட்டவருக்குத் தெரியாது. வலையமைப்பின் பதிவேட்டிலோ இரண்டு அழைப்புகளுக்கும் எதிரே ஒரே எண்தான் இருக்கும்: இழப்பு 1 சதவீதம்.

பதிவேட்டில் உள்ள எண்ணுக்கும் கேட்டவர் பட்ட பாட்டுக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றியதே இந்தத் துறை. வலையமைப்பு எப்படி நடந்துகொண்டது என்று கருவிகள் சொல்லும் செய்திகளை, அதாவது அலைவரிசையின் கொள்ளளவு, தாமதம், தாமதம் நிலையில்லாமல் கூடிக்குறையும் ஜிட்டர், பாக்கெட் இழப்பு ஆகியவற்றை, சேவைத் தரம் என்ற தலைப்பில் அடக்குவார்கள். சேவையைப் பயன்படுத்தியவர் அதை எப்படி உணர்ந்தார் என்பது பயனர் அனுபவத் தரம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2007இல் இதற்கு முதலில் தந்த வரையறை, ஒரு சேவை ஒட்டுமொத்தமாகப் பயனருக்கு எந்த அளவு ஏற்புடையதாகப் படுகிறது என்பதாக இருந்தது. குவாலிநெட் என்ற பெயரில் ஒன்றுகூடிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதை மாற்றி, பயனர் அடையும் மகிழ்ச்சி அல்லது எரிச்சலின் அளவே அனுபவத் தரம் என்றது. தொலைத்தொடர்பு ஒன்றியமும் பின்னர் அந்த வழிக்கு வந்தது. பொறியியல் ஆவணமொன்றில் எரிச்சல் என்ற சொல் வரையறையாகவே இடம்பெற்றதை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். "ஏற்புடையது" என்றால் அளவுகோலைப் பிடித்திருப்பவர் சேவை தருபவர். "எரிச்சல்" என்றால் அதைப் பிடித்திருப்பவர் பயனர்.

அந்த உணர்வைத் தீர்மானிப்பவற்றில் வலையமைப்பு ஒரு பங்கு மட்டுமே. ஒரே காணொளி கைப்பேசியின் சிறிய திரையில் தெளிவாகவும் சுவரளவு திரையில் மங்கலாகவும் தெரியும்; இரைச்சலான இடத்தில் கேட்கப்படாத ஒலிக்குறை அமைதியான அறையில் காதை உறுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்பார்ப்பு என்ற ஒன்று இருக்கிறது. குரல் அழைப்பின் தரத்தைக் கணக்கிட ஒன்றியம் வகுத்த ஜி.107 என்ற சூத்திரத்தில், தாமதம், ஒலியைச் சுருக்கி மீண்டும் விரிக்கும் கோடெக் என்ற மென்பொருளின் குறைபாடு முதலியவற்றுக்காக மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் "சாதகக் காரணி" என்ற பெயரில் கொஞ்சம் திருப்பிக் கூட்டுவார்கள். கம்பிவழித் தொலைபேசிக்கு அது சுழியம். ஓடும் வண்டியிலிருந்து பேசும் செல்பேசிக்கு 10 வரை. பல செயற்கைக்கோள்களைத் தாண்டி மட்டுமே எட்டக்கூடிய ஒதுக்குப்புற இடத்துக்கு 20 வரை. கிடைப்பதே அரிது என்னும் இடத்தில் மனிதர் குறையைப் பொறுத்துக்கொள்வார் என்பதைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மனிதரைக் கேட்டு அளப்பது

உணர்வை அளக்க மிக நேரான வழி, உணர்ந்தவரையே கேட்பது. பலரை அமரவைத்து ஒலித்துண்டுகளையோ காணொளித் துண்டுகளையோ காட்டி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். 5 என்றால் மிக நன்று, 4 நன்று, 3 சுமார், 2 மோசம், 1 மிக மோசம். அனைவரும் தந்த எண்களின் சராசரியே கருத்துச் சராசரி மதிப்பெண். துறையில் உள்ளவர்கள் இதை எம்ஓஎஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். தொலைபேசிக்கான சோதனை முறையை ஒன்றியத்தின் பி.800 பரிந்துரையும், தொலைக்காட்சிப் படத்துக்கானதை 1974இல் முதல் பதிப்புக் கண்ட பிடி.500 பரிந்துரையும் விரிவாகச் சொல்கின்றன.

சோதனை என்றால் நான்கு பேரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது அல்ல. பிடி.500 முறைப்படி குறைந்தது 15 பேராவது வேண்டும். அவர்கள் படத்தரத்தைத் தொழிலாகக் கொண்டவர்களாக இருக்கக்கூடாது, ஏனெனில் அப்படிப்பட்டவர்களின் கண் குறையைத் தேடிப் பழகிவிட்டது. எழுத்துப் பலகையைக் கொண்டு பார்வைக் கூர்மையையும், வண்ணப் புள்ளித் தகடுகளைக் கொண்டு நிறக்குருடு உண்டா என்பதையும் முதலில் சோதிப்பார்கள். அறையின் வெளிச்சம், திரையின் பொலிவு, இருக்கைக்கும் திரைக்கும் இடையே உள்ள தொலைவு எல்லாம் வரையறுக்கப்பட்டவை. ஓர் அமர்வு அரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் போனால் அளக்கப்படுவது படத்தின் தரமாக இராது, பார்ப்பவரின் களைப்பாக இருக்கும். துண்டுகளைக் காட்டும் வரிசையையும் கலைத்துப்போட வேண்டும், ஏனென்றால் மிக மோசமான ஒன்றைப் பார்த்த கையோடு சுமாரான ஒன்றைப் பார்த்தால் சுமாரானதும் நன்றாகத் தோன்றும்.

இவ்வளவு கவனமாக எடுத்த அளவிலும் ஒரு பொறி உண்டு. பத்துப் பேரும் 3 போட்டால் சராசரி 3. ஐந்து பேர் 5 போட்டு ஐந்து பேர் 1 போட்டாலும் சராசரி 3தான். முதல் சேவையில் எல்லாருக்கும் அரைகுறை நிறைவு; இரண்டாவதில் பாதிப் பேர் வேறு சேவையைத் தேடிப் போய்விடுவார்கள். ஆகவே, சராசரியோடு மதிப்பெண்கள் எந்த அளவு சிதறியிருக்கின்றன என்பதையும், 1 அல்லது 2 போட்டவர்கள் எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்துச் சொல்லாத எந்த அறிக்கையையும் நான் முழுதாக நம்புவதில்லை.

அழைப்பு முடிந்ததும் திரையில் ஐந்து நட்சத்திரங்களைக் காட்டி மதிப்பிடச் சொல்லும் செயலிகளும் மனிதரைக் கேட்கும் வழியையே பின்பற்றுகின்றன, மலிவான வடிவில். பதில் சொல்பவர்கள் மிகச் சிலர், அவர்களிலும் கோபப்பட்டவர்கள் முந்திக்கொள்வார்கள் என்பதால், அந்த எண்ணை நேற்றைய நிலையோடு இன்றையதை ஒப்பிடப் பயன்படுத்தலாமே தவிர, தனித்த உண்மையாக எடுத்துக்கொள்ள முடியாது.

மனிதரின்றி மதிப்பிடுவது

ஒவ்வொரு நாளும் நடக்கும் கோடிக்கணக்கான அமர்வுகளுக்கு ஆட்களை அமரவைத்து மதிப்பெண் வாங்க முடியாது. எனவே மனிதர் என்ன மதிப்பெண் தருவார் என்பதைக் கணித்துச் சொல்லும் கணக்கு முறைகள் தேவைப்பட்டன. இவற்றில் பழையது, மூலப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் போய்ச்சேர்ந்த படத்தின் அதே புள்ளியோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளின் வர்க்கச் சராசரியிலிருந்து டெசிபெல் கணக்கில் ஓர் எண்ணைத் தரும் பிஎஸ்என்ஆர். கணக்கு எளிது, ஆனால் அதற்குக் கண் இல்லை. படம் முழுவதும் ஒரே ஒரு புள்ளி அளவு பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பிஎஸ்என்ஆரோ படுவீழ்ச்சி அடையும். மறுபுறம், முகத்தின் மீது மட்டும் கட்டம் கட்டமாகச் சிதைவு விழுந்திருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். கணக்கில் அது சிறு பகுதியின் பிழையாகக் கரைந்துவிடும்.

2004இல் வெளியான எஸ்எஸ்ஐஎம் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. புள்ளிக்குப் புள்ளி பார்க்காமல், சிறு சிறு பகுதிகளின் ஒளிர்வு, மாறுபாடு, வடிவக் கட்டமைப்பு ஆகிய மூன்றும் மூலத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அது பார்க்கிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2016இல் திறந்த மூலமாக வெளியிட்ட விமாஃப், வேறொரு வழியைப் பிடித்தது: பல அடிப்படை அளவைகளைக் கணக்கிட்டு, உண்மையான மனிதர்கள் தந்த மதிப்பெண்களைக் கொண்டு பயிற்றுவித்த இயந்திரக் கற்றல் மாதிரியின் மூலம் அவற்றைச் சேர்த்து, 0 முதல் 100 வரை ஓர் எண் தருகிறது. மனிதரை விலக்கிவிட்டோம் என்று நினைத்த இடத்திலும் மனிதரே ஆசிரியராக நிற்கிறார். எந்த வகைக் காணொளியைப் பார்த்து, எந்தத் திரையில், அவர் மதிப்பெண் தந்தாரோ அந்த எல்லைக்குள்தான் மாதிரியின் பேச்சும் செல்லும். குரலுக்கு இதே பணியை 2001 முதல் பெஸ்க் என்ற முறையும், அதன் பின் 2011இல் வந்த போல்கா என்ற முறையும் செய்துவருகின்றன.

இவை அனைத்துக்கும் மூலப் பிரதி கையில் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் அது இருக்கும், பயனரின் கைப்பேசியில் இராது. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் சேவையில் வேறு தடயங்களைக் கொண்டு கணிக்கிறார்கள். ஒன்றியத்தின் பி.1203 பரிந்துரை, காணொளியின் பிட் வீதம் (ஒரு வினாடிக் காணொளிக்குச் செலவாகும் தரவு), படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, எந்த நொடியில் எவ்வளவு நேரம் படம் நின்றது போன்றவற்றை வாங்கிக்கொண்டு, முழு அமர்வுக்கும் 1 முதல் 5 வரையான மதிப்பெண்ணைக் கணித்துத் தருகிறது. இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி இப்போது மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், நடுவில் உள்ள வலையமைப்பு நிறுவனத்துக்கு இந்தத் தடயங்கள்கூடத் தெரிவதில்லை. பாக்கெட்டுகள் வரும் வேகத்தையும் இடைவெளியையும் பார்த்து உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டிய நிலை அதற்கு. பயனரின் கருவியில் காணொளியை ஓட்டும் மென்பொருளான பிளேயரை எழுதியவருக்கு மட்டுமே முழுக் கதையும் தெரியும்.

படம் நிற்பதே பெருங்குற்றம்

காணொளியில் எந்தக் குறை மிகவும் உறுத்துகிறது என்ற கேள்விக்கு, ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே குரலில் பதில் சொல்கின்றன: நடுவில் படம் நிற்பது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 90 நிமிட நேரலை ஒன்றில் படம் நின்றுகிடக்கும் நேரத்தின் பங்கு 1 சதவீதம் கூடினால், பார்க்கும் நேரம் 3 நிமிடத்துக்கும் மேல் குறைவதாகக் கண்டார்கள். தொடங்குவதற்கான காத்திருப்பும் பொறுமையைச் சோதிக்கும்தான். கிருஷ்ணனும் சீதாராமனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, காணொளி தொடங்க 2 வினாடிக்கு மேல் ஆனால் மக்கள் விலகத் தொடங்குகிறார்கள் என்றும், அதன் பின் கூடும் ஒவ்வொரு வினாடிக்கும் விலகுவோர் 5.8 சதவீதம் அதிகரிக்கிறார்கள் என்றும் காட்டியது. வேகமான இணைப்பு உள்ளவர்கள் முன்னதாகவே விலகுகிறார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. முன்பு சொன்ன எதிர்பார்ப்பு இங்கே தன் வேலையைக் காட்டுகிறது.

ஆனாலும் தொடக்கக் காத்திருப்பையும் நடுவில் வரும் தடங்கலையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. கதவு திறக்கும் வரை வெளியில் நிற்பது ஒன்று, சாப்பிட உட்கார்ந்தபின் இலையை இழுப்பது வேறொன்று. மொத்த நேரம் சமமாகவே இருந்தாலும் பின்னதற்கு மதிப்பெண் மிகக் குறைவாக விழுகிறது. நினைவும் எல்லா நொடிகளையும் சமமாகப் பாவிப்பதில்லை. மிக மோசமான கணமும் கடைசிக் கணங்களும் மனத்தில் பெரிதாகத் தங்கும். அதுபோக, சேதத்தின் அளவும் உணர்வும் நேர்கோட்டில் நகர்வதில்லை. தடையேதுமின்றி ஓடிக்கொண்டிருந்த காணொளியில் வரும் முதல் தடங்கல் மதிப்பெண்ணைச் சட்டென்று இறக்கிவிடும். ஏற்கெனவே பத்து முறை நின்ற காணொளியில் பதினொன்றாவது தடங்கல் புதிதாக எதையும் கெடுத்துவிடாது. 2010இல் ஃபீட்லர், ஹோஸ்ஃபெல்ட், ட்ரான்-கியா ஆகிய மூவர் இந்த உறவை அடுக்குக்குறிச் சார்பாக எழுதிக் காட்டினார்கள்.

படம் ஏன் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். இன்றைய ஸ்ட்ரீமிங் சேவைகளில் காணொளி சில வினாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சர்வரில் வைக்கப்பட்டிருக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் எச்எல்எஸ் 2009இலும், டேஷ் என்ற பன்னாட்டுத் தரநிலை 2012இலும் இந்த முறையைப் பரவலாக்கின. அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவெடுப்பது பயனரின் பிளேயர். வந்துசேர்ந்து இன்னும் காட்டப்படாத காணொளி, பஃபர் என்ற தொட்டியில் காத்திருக்கும்.

ஒரு துண்டு 4 வினாடி. உயர்தரத்தில் வினாடிக்கு 5 மெகாபிட். தொட்டியில் 12 வினாடிக் காணொளி இருப்பு. இந்த நிலையில் இணைப்பின் வேகம் திடீரென்று 2 மெகாபிட்டுக்கு இறங்குகிறது. பிளேயர் அதைக் கவனிக்காமல் அடுத்த துண்டையும் உயர்தரத்திலேயே கேட்டால், அந்தத் துண்டின் அளவு 20 மெகாபிட். வந்துசேர 10 வினாடி ஆகும். அந்தப் பத்து வினாடியில் தொட்டியிலிருந்து 10 வினாடி செலவாகி, 4 வினாடி வரவாகிறது; மிச்சம் 6. இன்னொரு துண்டையும் அப்படியே கேட்டால், அது வரும் முன்பே, ஆறாவது வினாடியில், தொட்டி வறண்டு, திரையின் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கும். மாறாக, மிச்சம் 6 வினாடி என்று கண்டவுடன் 1.5 மெகாபிட் தரத்துக்கு இறங்கியிருந்தால், அடுத்த துண்டு வெறும் 6 மெகாபிட்; மூன்றே வினாடியில் வந்துவிடும். செலவு 3, வரவு 4. தொட்டி 7 வினாடிக்கு ஏறும். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் நிற்காது. பெரும்பாலானோர் இந்தப் பண்டமாற்றை விரும்பி ஏற்பார்கள்.

எப்போது இறங்குவது, எப்போது மீண்டும் ஏறுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. இணைப்பின் வேகத்தைக் கணித்து முடிவெடுப்பது ஒரு வழி. ஆனால் வேகம் ஊசலாடும்போது கணிப்பும் ஊசலாடி, படம் மங்குவதும் தெளிவதுமாகக் கண்ணைப் படுத்தும். 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து வெளியிட்ட முறை, வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல், தொட்டியின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துத் தரத்தைத் தேர்ந்தது. மட்டம் தாழ்ந்தால் தரத்தை இறக்கு, உயர்ந்தால் ஏற்று. உண்மைப் பயனர்களிடம் சோதித்தபோது, படம் நிற்பது 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது. இத்தனை எளிமையான யோசனை இவ்வளவு பலன் தந்தது, கணிப்புகளின் மீது நாம் வைத்திருந்த நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பதையும் காட்டிவிட்டது.

பெரிய தொட்டி எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைக்க வேண்டாம். நேரலை விளையாட்டில் 30 வினாடி இருப்பு வைத்தால் படம் நிற்காது, ஆனால் நாம் கோலைப் பார்ப்பதற்கு 30 வினாடி முன்பே பக்கத்து வீட்டில் ஆரவாரம் கேட்டுவிடும். தடங்கலின்மை, உடனடித்தன்மை, படத்தெளிவு மூன்றையும் ஒருசேர உச்சத்தில் வைக்கும் பிளேயரை இதுவரை யாரும் எழுதவில்லை.

உரையாடலில் தாமதம்

இருவர் பேசிக்கொள்ளும் அழைப்பில் நிலைமை இன்னும் இறுக்கமானது. ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாக நடக்கும் என்கிறது ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதற்கு மேல் போகப்போக, ஒருவர் முடித்துவிட்டார் என்று நினைத்து மற்றவர் தொடங்க, இருவரும் மோதி, இருவரும் நின்று, "நீங்கள் சொல்லுங்கள்" என்று ஒருவருக்கொருவர் வழிவிடும் சடங்கு ஆரம்பமாகும். இந்த 150இல் இயற்கை எடுத்துக்கொள்ளும் பங்கைத் திருப்பி வாங்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 மில்லி வினாடி எடுக்கும். பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகப் போனால், ஏறி இறங்குவதற்கே 240 மில்லி வினாடிக்கு அருகில் ஆகிவிடும். எந்தக் கோடெக்காலும் அதைக் குறைக்க முடியாது.

ஆனால் நாம் அன்றாடம் படும் தாமதத்தில் பெரும்பகுதி தொலைவால் வருவதில்லை, வரிசையால் வருகிறது. ஒருவர் காணொளி அழைப்பில் இருக்கும்போது அதே இணைப்பில் இன்னொருவர் நூறு புகைப்படங்களைப் பதிவேற்றுகிறார். பதிவேற்ற வேகம் வினாடிக்கு 1 மெகாபிட். ரவுட்டருக்குள் 250 கிலோபைட் காத்திருப்பு இடம். பாக்கெட்டுகளைத் தவறவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் ரவுட்டர் அந்த இடம் முழுவதையும் புகைப்படப் பாக்கெட்டுகளால் நிரப்பிக்கொள்கிறது. 250 கிலோபைட் என்பது 2 மெகாபிட். அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும் குரல் பாக்கெட், வெளியேறவே 2 வினாடி காத்திருக்கும். இழப்பு சுழியம், வேகச் சோதனையில் முழு மதிப்பெண், ஆனால் உரையாடல் கெட்டது. பஃபர்புளோட் என்று ஜிம் கெட்டிஸ் பெயரிட்ட இந்த நோய்க்கு, ஒவ்வொரு போக்குவரத்துக்கும் தனி வரிசை கொடுத்து, அதிக நேரம் தங்கும் பாக்கெட்டுகளைத் தயங்காமல் கழித்துவிடும் முறைகள் மருந்தாக வந்தன. எஃப்கியூ-கோடெல் என்பது அவற்றில் பரவலானது. 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. வீட்டு ரவுட்டரில் இந்த வசதி இருந்து, அதை இயக்கிவைத்தால், அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவதைவிட அழைப்புகளுக்கு அதிகப் பலன் கிடைக்கும் நேரங்கள் பல.

ஒலியும் படமும் ஒன்றுக்கொன்று விலகுவதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. பிடி.1359 பரிந்துரையின்படி, ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லி வினாடியிலேயே மனிதர் கண்டுபிடித்துவிடுகிறார். பிந்தினால் 125 வரை கவனிப்பதில்லை. மின்னலைப் பார்த்தபின் இடியைக் கேட்டே பழகிய இனம் நாம். ஒலி பிந்துவது இயற்கை, முந்துவது இயற்கைக்கு மாறு. எனவே ஒத்திசைவை மிகத் துல்லியமாகப் பேண முடியாதபோது, ஒலியைச் சற்றே பிந்தவிடுவது நல்லது.

தொலைந்த பாக்கெட்டுக்கு என்ன செய்வது என்பதிலும் காணொளிக்கும் அழைப்புக்கும் விதி வேறு. ஸ்ட்ரீமிங்கில் தொலைந்ததை மீண்டும் அனுப்பச் சொல்லலாம், தொட்டியில் இருப்பு இருக்கிறது. அழைப்பில் மறுபடி அனுப்பியது வந்துசேர்வதற்குள் அந்தச் சொல்லின் வேளை கடந்துவிடும். ஆகவே முன்கூட்டியே கொஞ்சம் உபரியை ஏற்றி அனுப்புகிறார்கள். 2012இல் தரநிலையான ஓப்பஸ் கோடெக், ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதற்கு முந்தைய பாக்கெட்டின் மட்டரகப் பிரதியொன்றைச் சேர்த்து அனுப்பும் வசதியைக் கொண்டது. ஒன்று தொலைந்தால் அடுத்தது அதைச் சுமந்து வரும். முதலில் பார்த்த, முப்பது பாக்கெட் அடுத்தடுத்துத் தொலையும் நிலைக்கு இது போதாது. 2024இல் வெளியான ஓப்பஸ் 1.5, நரம்பியல் வலைப்பின்னலைக் கொண்டு கடந்த ஒரு வினாடி அளவுப் பேச்சை மிகச் சிறிதாகச் சுருக்கி ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஏற்றிவைக்கும் வழியைக் கொண்டுவந்தது. இணைப்பு மீண்டவுடன் வரும் முதல் பாக்கெட்டே விட்டுப்போன 600 மில்லி வினாடியையும் கொண்டுவந்து தரும், கேட்கும் முனை சற்றுப் பொறுத்து ஒலிக்க இசைந்தால். "வேண்டாம்" முழுதாகக் கேட்கும்.

இணைப்பு நலியும்போது குரலைக் காப்பாற்றிப் படத்தைப் பலியிடுவதும் இதே நோக்கத்தில் செய்யப்படுவதே. குரலுக்கு வினாடிக்கு 30 கிலோபிட் அளவே போதும்; படத்துக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். படம் உறைந்தாலும் கூட்டம் நடக்கும். குரல் உறைந்தால் கூட்டமே இல்லை.

மேம்பாட்டை அளக்கும்போது

இத்தகைய மாற்றங்களைச் செய்பவர்கள், பயனர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பழைய முறையையும் மறு குழுவுக்குப் புதியதையும் தந்து, தொடங்க ஆகும் நேரம், படம் நின்ற நேரத்தின் பங்கு, தொடங்கும் முன்பே விலகியவர்கள், சராசரி பிட் வீதம் என்று எண்களை ஒப்பிடுவது வழக்கம். சராசரியை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேயும் ஏமாறுவார்கள். நூறில் தொண்ணூறு பேருக்கு இணைப்பு ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கும். அவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. அடியில் உள்ள பத்துப் பேர் படும் பாடு, தொண்ணூறு பேரின் நிறைவில் கரைந்துபோகும். ஆகவே மோசமான 5 அல்லது 10 சதவீத அமர்வுகளைத் தனியே பிரித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

சராசரி இதைவிட விசித்திரமாகவும் நடந்துகொள்ளும். யூடியூபில் பணியாற்றிய கிறிஸ் சக்கரியாஸ் 2012இல் எழுதிய ஓர் அனுபவம் இதற்குச் சான்று. காணொளிப் பக்கத்தின் எடையை 1.2 மெகாபைட்டிலிருந்து 98 கிலோபைட்டுக்கு இளைக்கவைத்து, பயனர்களில் ஒரு பகுதியினருக்கு அதை வழங்கினார்கள். வேகம் கூடியிருக்கும் என்று எண்களைத் திறந்து பார்த்தால், பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. முயற்சியைக் கைவிடலாம் என்ற எண்ணம் எழுந்த நேரத்தில், எண்களை நிலப்பகுதி வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற, இணைப்பு மிக மெதுவான இடங்களிலிருந்து வருவோர் தொகை பெருகியிருந்தது. பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க இருபது நிமிடத்துக்கும் மேல் ஆகியிருக்கும் என்பதால் அவர்கள் வந்ததே இல்லை, கணக்கிலும் இருந்ததில்லை. புதிய பக்கம் சுமார் இரண்டு நிமிடத்தில் திறந்தது. அந்த இரண்டு நிமிடம்தான் சராசரியை மேலே இழுத்திருந்தது. அந்த இரண்டு நிமிடத்தைக் காத்திருந்து, அவர்கள் முதன்முறையாகக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.